வாயைச் சுற்றிக் கருப்பு: நான் பட்ட பாடு

எனக்கு 26 வயதில் ஆரம்பித்தது. மேலுதட்டில் த்ரெட்டிங் செய்த மறுநாள் பொடிப்பொடியாகச் சிவந்து, ஆறும்போது கருத்துவிட்டது. அது மறையும் முன்பே அடுத்த மாத த்ரெட்டிங். நடுவில் எலுமிச்சைச் சாறு வேறு. சுரீரென்று எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று நம்பினேன். ஒரே வருடத்தில் மீசை வரைந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு ஒரு ட்யூப் க்ரீம். பதினைந்தே நாளில் முகம் பளிச்! ஆபீசில் மூன்று பேருக்குச் சிபாரிசு செய்தேன் (அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது). நிறுத்தினால் இரண்டே நாளில் அரிப்பு, வாயோரம் சின்னச் சின்னக் கொப்புளம். பூசினால் அடங்கும். இப்படியே எட்டு மாதம்.

தோல் டாக்டர் என் முகத்தை அப்புறம்தான் பார்த்தார். "முதல்ல ட்யூபைக் காட்டுங்கம்மா." பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு; நிறுத்தினால் கொப்புளம் வந்ததும் அதனால்தான். ஓரத்தில் சிவப்புக் கோடு; டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தமாம். பூசும் ஸ்டீராய்டுகளுக்கு 2018-லேயே இதைக் கறாராக்கிவிட்டார்களாம். என்னிடம் யார் சீட்டு கேட்டார்கள்?

கொப்புளம் அடங்கவே இரண்டு மாதம். பிறகுதான் கருப்புக்கு மருந்து: இரவில் பட்டாணி அளவு அசெலாயிக் ஆசிட், பகலில் நிறம் கலந்த சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கருக்கும், அதைத் தடுக்க அந்த நிறத்தில் உள்ள இரும்பு ஆக்சைடு வேண்டும் என்றார். சாப்பிட்டு வாய் துடைக்கும்போது அங்கே மட்டும் அழிந்துவிடும், மறுபடி பூச வேண்டும். த்ரெட்டிங்குக்கு முழுக்கு; குட்டிக் கத்தரிக்கோல்தான். ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணாடியில் வித்தியாசம் தெரிந்தது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். என் பையனுக்கு 7 வயது. அவனுக்குக் கருப்பு வட்டமாக இருந்தது, நாக்கு எட்டும் தூரம் வரைக்கும் அளந்து போட்டது போல. உதட்டை நக்கும் பழக்கம்தான் காரணம். எச்சில் காயக் காயத் தோல் வெடித்து, புண்ணாகி, கருக்கிறது. திட்டிப் பார்த்தேன், இன்னும் அதிகமாக நக்கினான். வாசலின் டப்பாவைப் பள்ளிப் பையில் போட்டுவிட்டு, காரப் பேஸ்ட்டையும் மாற்றினோம். இப்போது ஓரத்தில் லேசாக மட்டும் இருக்கிறது.

* * *

நான் இன்னொரு வாசகி. எனக்கு வாயோரத்தோடு பின்கழுத்தும் கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்ததுதான் மிச்சம். டாக்டர் க்ரீமே எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம், எல்லைக்கோட்டில். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாவிட்டால் இப்படிக் கருக்குமாம். ஏழு கிலோ குறைந்த பிறகு கழுத்துதான் முதலில் வெளுத்தது.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடியும். "பதினைந்து நாளில் பளிச்" க்ரீமின் பெயரை மட்டும் தனியாகக் கேட்கும் நான்கு பேருக்கு: சொல்ல மாட்டேன்.