ஆங்கில மரபுத்தொடர்கள்: அர்த்தம் தெரிந்தும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பிசினஸ் அனலிஸ்ட், சென்னை:

பிரிட்டன், அமெரிக்கா இரண்டு பக்கத்து கிளையன்ட்டும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் இருந்தால் 'டேபிள்' என்ற சொல் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், இதை இப்போதே பேச எடுத்துக்கொள்வோம் என்று அர்த்தம். அமெரிக்கர் சொன்னால், இப்போதைக்குத் தள்ளி வைப்போம் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடியதை அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான். யார் சொன்னாலும் 'நவ் ஆர் லேட்டர்?' என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. மினிட்ஸில், அதாவது மீட்டிங் குறிப்பில், அந்தச் சொல்லே வேண்டாம். 'வியாழனுக்கு ஒத்திவைப்பு' என்று நேரடியாக எழுதுங்கள்.

அடுத்தது 'பால்பார்க் ஃபிகர்'. பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது, குத்துமதிப்பான கணக்கு. கேட்டவுடன் 100 மணி நேரம் என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் அன்றைக்கே எக்செல் ஷீட்டில் ஏறி, அடுத்த வாரம் நாம் கொடுத்த வாக்காகத் திரும்பி வரும். 103.5 என்று புள்ளி வைத்துச் சொன்னால் இன்னும் மோசம், உட்கார்ந்து கணக்குப் போட்டதாகவே நினைப்பார்கள். '80 முதல் 120 மணி, டெஸ்டிங் சேராது, இறுதி எஸ்டிமேட் பிறகு' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெயிலிலும் அப்படியே போடுங்கள்.

'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்பது டென்னிஸ் கோர்ட், நீதிமன்றம் அல்ல. அடுத்த அடி உங்களுடையது என்று பொருள். கிளையன்ட்டுக்கு நாம் இதை எழுதினால் பொறுப்பைத் தள்ளிவிடும் தொனி வந்துவிடும். எந்த டாக்குமென்டுக்கு, எந்தத் தேதிக்குள் அப்ரூவல் வேண்டும் என்று கேட்பதே மரியாதை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்றுநர், கோவை:

மேலே சொன்னது நாட்டு வித்தியாசம். வகுப்பில் அதிகம் பார்ப்பது அளவு தவறுவதைத்தான். 'அண்டர் தி வெதர்' என்றால் சளி, லேசான காய்ச்சல், உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது, அவ்வளவே. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவருக்கு அதைப் போட்டால் விஷயத்தை லேசாக எடுத்துக்கொண்டது போல ஆகிவிடும். 'கிக்ட் தி பக்கெட்' அதைவிட ஆபத்து. செத்துப்போனார் என்பதை விளையாட்டாகச் சொல்லும் தொடர் அது. துக்கம் விசாரிக்கும் மெயிலில் 'பாஸ்ட் அவே' மட்டும்தான்.

உருவத்தையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதை 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பினாலும் ரகசியம் வெளியானது என்ற பொருள் நிற்கும். 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் நிஜ வாளியை யாரோ உதைத்தார்கள் என்றுதான் புரியும். எது வளையும், எது வளையாது என்பதற்கு ஒரே விதி கிடையாது. முழுத் தொடராக, யார் யாரிடம் சொன்னார்கள் என்பதோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். பள்ளியில் உருப்போட்ட 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பேச்சில் அபூர்வம். மழை கொட்டுகிறது என்பதற்கு 'இட்ஸ் போரிங் டவுன்' போதும்.

சப்போர்ட் டீம் லீட், சென்னை:

நம் ஊர் ஆங்கிலமும் இதில் சேர்த்தி. 'ஐ வில் ரிவர்ட்' என்றால் நமக்குப் பதில் தருகிறேன் என்று அர்த்தம். புது கோடை வெளியிடும் நேரத்து டெப்ளாய்மென்ட் சாட்டில் வெளிநாட்டு டெவலப்பர் அதைப் படித்தால், கோட் மாற்றத்தைப் பழைய நிலைக்குத் திருப்பப் போகிறீர்கள் என்று பதறுவார். 'ஐ வில் ரிப்ளை பை 4 பி.எம். ஐ.எஸ்.டி.' (இந்திய நேரம்) என்று நேரத்தோடு எழுதுங்கள். படிப்பு முடித்ததை ரெஸ்யூமேயில் 'பாஸ்ட் அவுட் இன் 2019' என்று போட்டால் அந்த வருடம் மயங்கி விழுந்தீர்கள் என்று படிப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

பிசினஸ் அனலிஸ்ட், சென்னை:

நேரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ்காரரின் 'ஹாஃப் செவன்' ஏழரை மணி. அதே சொல்லமைப்பு ஜெர்மன் மொழியில் ஆறரையைக் குறிக்கும். இருவரும் இருக்கும் மீட்டிங்குக்கு 19:30 என்று எண்ணில் போட்டு, டைம் ஸோனையும் சேர்த்து இன்வைட் அனுப்புங்கள்.