மிதவை கட்டிய விமானம் எப்படி அதிக வேகம் போனது?

கானாடுகாத்தான்வாசி:
காரைக்குடியில் பள்ளிக் கண்காட்சிக்காக அக்கா மகளும் நானும் பழைய விமான வேக சாதனைகளை அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 1923 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட்கள் ரெண்டு பேர் போட்டி போட்டிருக்கிறார்கள். 2ஆம் தேதி ஹெரால்ட் பிரௌ மணிக்கு 417 கி.மீ., 4ஆம் தேதி ஆல்ஃபோர்ட் வில்லியம்ஸ் 429. அவையெல்லாம் சக்கரம் வைத்தவை. ஆனால் 1927லிருந்து பார்த்தால் வரிசையாகத் தண்ணீரில் இறங்கும் விமானங்கள்தான். அடியில் அவ்வளவு பெரிய ரெண்டு மிதவையைச் சுமந்துகொண்டு எப்படி அதிக வேகம் போக முடியும்? அப்புறம், ஓட்டியவர்கள் பெரும்பாலும் ராணுவத்துக்காரர்களாகவே இருக்கிறார்களே, ஏன்?

பள்ளத்தூரான்:
நல்ல கேள்வி. காரணம் ஓடுதளம். வேகத்துக்காக இறக்கையைச் சின்னதாக்கினால், தரை இறங்கும்போதும் வேகமாகத்தான் இறங்க வேண்டும். புரொப்பெல்லர் கோணமும் அப்போது மாற்ற முடியாதது, உச்ச வேகத்துக்கு என்று அமைத்துவிட்டால் கிளம்பும்போது இழுவை போதாது, ரொம்ப தூரம் ஓடித்தான் எழும். அன்றைய விமானத் திடல்களோ பெரும்பாலும் புல்வெளி. நம்ம செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கிறதே ரெண்டாம் உலகப்போர் ஓடுதளம், அந்த மாதிரி நீளமான கெட்டித் தளங்கள் ஊர் ஊராக வந்தது போர்க்காலத்தில்தான். கடலிலோ ஏரியிலோ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். மிதவையால் காற்றுத் தடை கூடியது உண்மை, ஆனால் சின்ன இறக்கையும் பெரிய எஞ்சினும் அதை ஈடுகட்டிவிட்டன. ஷ்னைடர் கோப்பை நீர் விமானங்களுக்கான போட்டி என்பதால் பணமும் மூளையும் அந்தப் பக்கமே போனது. 1939இல்தான் ஜெர்மனியின் ஹெய்ங்கெல் சக்கர விமானம் சாதனையைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவந்தது.

தேவகோட்டை மீனா:
ராணுவம் ஏன் என்றால் செலவு. இதைக் கட்டிச் சோதித்துப் பறக்கவிட அரசாங்கத்தால்தான் முடிந்தது, போர் விமானத்துக்கான பாடமும் அதில் கிடைத்தது. 1922 அக்டோபரில் பில்லி மிட்செல் என்கிற அமெரிக்கப் பிரிகேடியர் ஜெனரலே உட்கார்ந்து 358 கி.மீ. ஓட்டினார். 1923 பிப்ரவரியில் பிரான்சின் சாடி லெக்வான்த் 375, அடுத்த மாதமே அமெரிக்கத் தரைப்படையின் ரஸ்ஸல் மாகன் 380. ரெண்டு நாட்டுக்கும் நடுவில் ஓடிய பந்தயம், அமெரிக்காவுக்குள்ளேயே தரைப்படைக்கும் கடற்படைக்கும் தனியாக ஒன்று. அமெரிக்கர்கள் ஓட்டியவை கர்ட்டிஸ் கம்பெனி விமானங்கள். அவற்றில் ரேடியேட்டர் முன்னால் துருத்திக்கொண்டு இருக்காது, இறக்கையின் மேல்பரப்பே மெல்லிய பித்தளைத் தகடு, அதற்குள் எஞ்சின் தண்ணீர் ஓடி ஆறும். கண்காட்சியில் இதைப் படமாகப் போடுங்கள், பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

பிரிட்டனில் 1931 ஷ்னைடர் போட்டிக்கு அரசு பணம் தர மறுத்தபோது லேடி ஹூஸ்டன் 1 லட்சம் பவுண்டு கொடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29இல் விமானப்படை லெப்டினன்ட் ஸ்டெய்ன்ஃபோர்த் 655 கி.மீ. தொட்டார்.

கோட்டையூர் ராமு:
மீனா அக்கா சொன்னது சரி, ஆனால் செலவு மட்டும் காரணம் இல்லை, உயிருக்குத் துணிந்த விமானிகள் வேண்டியிருந்தது. இத்தாலியின் மக்கி எம்.சி.72இல் ரெண்டு எஞ்சினைப் பின்னுக்குப்பின் இணைத்து 24 சிலிண்டர், புரொப்பெல்லர் ரெண்டும் எதிரெதிராகச் சுற்றும். அதைச் சோதிக்கும்போது மோந்தி, பெல்லினி ரெண்டு பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிரான்செஸ்கோ ஆஜெல்லோ ஏறி 1934 அக்டோபர் 23இல் கார்தா ஏரியில் 709 கி.மீ. போனார். பிஸ்டன் எஞ்சின் நீர் விமானங்களில் இன்றுவரை அதை யாரும் மிஞ்சவில்லை. தயவுசெய்து இறந்த ரெண்டு பேர் பெயரையும் அட்டையில் எழுதுங்கள்.

கானாடுகாத்தான்வாசி:
கட்டாயம் எழுதுகிறோம் தம்பி. பின்காற்றில் பறந்து ஏமாற்ற முடியாதா என்று இங்கே அடுத்த கேள்வி வந்துவிட்டது!

பள்ளத்தூரான்:
முடியாது. 3 கி.மீ. தூரத்தை ரெண்டு திசையிலும் பறந்து காட்ட வேண்டும், சராசரிதான் கணக்கு. வில்லியம்ஸ் வேகத்தில் ஒரு தடவை கடக்க 25 விநாடி. அதை அட்டையில் சேருங்கள், ஸ்டாப்வாட்சை வைத்து அவளே எண்ணிப் பார்க்கட்டும்.