லிரிக் சொப்ரானோக் குரலும் மிரெல்லா ஃப்ரெனியும்: ஒரு தந்தையின் கேள்வி

முல்லைக்கரையான் எழுதியது:

எனது மகளுக்குப் பதினான்கு வயதாகின்றது. முல்லைத்தீவில் எங்கள் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் ஏழு வயதிலிருந்து பாடி வருகின்றாள். சனிக்கிழமைகளில் கர்நாடக சங்கீதமும் பழகுகின்றாள். சென்ற மாதம் வெளியூரிலிருந்து வந்து குழுவுக்குப் பயிற்சி கொடுத்த அருட்சகோதரி ஒருவர், வளர்ந்தபின் அவளுடைய குரல் ‘லிரிக் சொப்ரானோ’ ஆகக்கூடும் என்று சொல்லி, மிரெல்லா ஃப்ரெனி என்ற இத்தாலியப் பாடகி பாடிய, ‘லா பொஹேம்’ என்னும் இசைநாடகத்தின் நாயகி மிமியின் பாட்டொன்றை எனது கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுப் போனார். மொழி எங்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் அன்றிலிருந்து மகள் அதையே போட்டுப் போட்டுக் கேட்கின்றாள். கூடவே பாடவும் முயல்கின்றாள்.

அந்த அம்மையார் எழுபது வயது வரை மேடையில் பாடினார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பை விடக் கவலையே கூடியது. ஏனெனில், இவ்வருடத் திருவிழாவின் நவநாள் ஒன்பதிலும் ஒலிபெருக்கிக்கு முன்னால் உச்சத்தில் பாடவைக்கப்பட்ட என் மகள், பத்தாம் நாட் காலையில் பேச்சே எழும்பாமல் இருந்தாள். லிரிக் சொப்ரானோ என்பது எவ்வகைக் குரல், அதை ஐம்பது ஆண்டுகள் கெடாமல் அவர் எப்படிக் காத்தார், மகளை இப்போதே அப்பாட்டைப் பாடவிடலாமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சுருதிப்பெட்டி (வவுனியா) எழுதியது:

ஐயா, முதலில் குரலைப் பற்றிச் சொல்கின்றேன். பெண் குரல்களில் மிக உயரத்துக்குச் செல்வது சொப்ரானோ. உங்கள் மகள் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகின்றாள் என்று வைத்துக்கொண்டால், அவள் தொடும் மேல் ஷட்ஜத்துக்கு மேலே இன்னுமொரு ஸ்தாயி முழுவதும் ஏறி, அதற்கும் மேலே மத்திமம் வரை ஒப்பெரா என்னும் மேலை இசைநாடகத்தில் ஒரு சொப்ரானோ போய்வர வேண்டியிருக்கும். நாங்கள் பழக்கும் முறையில் அந்த உயரத்தில் எவருக்கும் வேலையில்லை. ஆகவே அதற்குரிய மூச்சும் எங்கள் வகுப்புகளில் பழக்கப்படுவதில்லை. ‘லிரிக்’ என்னும் சொல் குரலின் கனத்தைக் குறிக்கின்றது. வேகச் சங்கதிகளை மணிமணியாக உதிர்க்கும் கொலரத்துரா ஒரு புறமும், பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலே எழுந்து நிற்கும் ட்ரமற்றிக் குரல் மறுபுறமும் இருக்க, இடையில் இளமையும் இழைவும் கொண்டு நீண்ட வரிகளைப் பாடுவது லிரிக்.

ஒப்பெராவில் ஒலிவாங்கி கிடையாது. அத்தனை வயலின்களையும் தாண்டி ஒரு குரல் பின்வரிசை வரை கேட்பது கத்துவதால் நடப்பதன்று. பயின்ற பாடகர் தொண்டையையும் வாயறையையும் அமைத்துக்கொள்ளும் விதத்தில், 3000 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது வாத்தியங்களின் ஒலி மெலிந்தும் மனிதக் காது கூர்ந்தும் இருக்கும் இடத்தில், குரலின் வலு குவிகின்றது. அந்த அமைப்புக் கைவர ஆண்டுகள் செல்லும். வளராத தொண்டை அதை வலுக்கட்டாயமாகச் செய்ய முயன்றால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் பத்தாம் நாள் காலையில் கண்டுவிட்டீர்கள்.

ஃப்ரெனியின் வாழ்விலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கின்றது. 1935 பெப்ரவரி 27இல் மொடேனா நகரில் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே வானொலிப் போட்டியொன்றில் புச்சினியின் ‘மடாம் பட்டர்ஃபிளை’ ஒப்பெராவிலுள்ள கனமான தனிப்பாடலைப் பாடினார். அக்காலத்துப் பெரும் பாடகர் பெனியமினோ ஜீலி அச்சிறுமியைப் பாராட்டி மேடையேற்றிவிடாமல், வளரும்வரை பாட்டை நிறுத்தாவிட்டால் குரல் கெட்டுவிடும் என்று எச்சரித்தார். சிறுமியும் நிறுத்தினார், மீண்டும் பாடத் தொடங்கியது பதினேழு வயதில். சொந்த ஊர் அரங்கில், 1955இல், ‘கார்மென்’ ஒப்பெராவின் மிக்கேலாவாக முதன்முதல் மேடையேறியபோது அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. சிறுமியாகப் பாடிய அதே பட்டர்ஃபிளையைப் பிற்காலத்தில் இசைத்தட்டுக்கும் 1974ஆம் ஆண்டுத் திரைப்பதிவுக்கும் பாடினாரே தவிர, மேடையில் அந்தப் பாத்திரத்தை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. இப்படிக் கனமானவற்றையெல்லாம் மறுத்ததாலேயே குரல் நிலைத்தது என்பது எனது எண்ணம்.

ஒட்டுசுட்டான் பெடியன் (ரெஜ்ஜோ எமிலியா) எழுதியது:

மொடேனா எனக்குப் பக்கத்து நகரம். ஃப்ரெனியின் தாயும் லூச்சானோ பவரோட்டியின் தாயும் அங்கிருந்த புகையிலைத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அதனால் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே செவிலித்தாய் பால் கொடுத்தார். அந்தப் பாலில் யாருக்குக் கூடப் போனது என்பது பவரோட்டியின் உடம்பைப் பார்த்தாலே தெரியும் என்று ஃப்ரெனி பகிடியாகச் சொல்வாராம். அவர் முதன்முதல் பாடிய அரங்கு இன்று அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கின்றது.

சுருதிப்பெட்டி ரீச்சர் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. ஃப்ரெனி கனமானவற்றையெல்லாம் மறுத்தவர் அல்லர். முதல் மேடைக்குப் பின் லெயோனே மஜீராவை மணந்து, மகளைப் பெற்று, சில காலம் விலகியிருந்துவிட்டு 1958இல் மிமியாகத் திரும்பினார். 1960இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்னில் மொசார்ட்டின் சேர்லினா, 1963இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் புகழ்பெற்ற இசை நடத்துநர் கராயானின் நடத்துகையில் மீண்டும் மிமி, 1965இல் நியூயோர்க்கின் மெற்றோபொலிட்டன் அரங்கிலும் மிமி. இவையெல்லாம் அவருடைய குரலுக்கு அளவெடுத்துத் தைத்தவை போன்ற பாத்திரங்கள். ஆனால் 1964இல் அதே ஸ்காலாவில் ‘லா திராவியாத்தா’வின் வியொலெத்தாவாக நின்றபோது மேல்மாடத்து இரசிகர்கள் கூக்குரலிட்டு அவமதித்தார்கள். இங்கே மேல்மாடத்தில் இருப்பவர்களுக்கு இரக்கம் குறைவு. பாடகியைப் பரிந்துரைத்தவர் எவ்வளவு பெரியவர் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அதன் பின்னரும் அவர் ஒதுங்கிவிடவில்லை, கனமான பாத்திரங்களுக்குப் படிப்படியாக ஏறினார். சால்ஸ்பேர்க்கில் 1970இல் டெஸ்டெமோனா, 1979இல் ஐடா. ஐடா லிரிக் குரலுக்கு எல்லை தாண்டிய வேலை என்றே பலர் கருதினார்கள். அவரோ கத்தாமல், தன் குரலின் அளவுக்குள் நின்றே அதைப் பாடி முடித்தார். பின்னர் கராயான் அதைவிடக் கனமான ‘துரந்தோ’ பாத்திரத்தைக் கொடுத்தபோது மறுத்துவிட்டார். தன்னை உலகறியச் செய்த மனிதரிடம் முடியாது என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில் சைக்கோவ்ஸ்கியின் ரஷ்ய ஒப்பெராக்களின் பக்கம் திரும்பினார். இரண்டாவது கணவரான பல்கேரியப் பாடகர் நிக்கொலாய் கியாவுரோவ் அம்மொழிக்குத் துணையாக இருந்திருப்பார் என்பது என் ஊகம். 2005இல் வாஷிங்டனில் சைக்கோவ்ஸ்கியின் ஜோன் ஒஃப் ஆர்க்காக நின்று மேடையை விட்டபோது வயது எழுபது. 2020 பெப்ரவரி 9இல் மொடேனாவிலேயே காலமானார்.

கோவலன் வீட்டுப் பேரன் (முள்ளியவளை) எழுதியது:

எனக்கு ஒப்பெரா தெரியாது. கூத்துக் கொஞ்சம் தெரியும். எங்கள் முள்ளியவளைக் கோவலன் கூத்தும் ஒரு காலத்தில் ஒலிவாங்கி இல்லாமல் விடிய விடியப் பாடப்பட்டதுதான். அண்ணாவியார் பாத்திரம் பிரிக்கும்போது முகத்தையோ நடையையோ பார்ப்பதற்கு முன் குரலைக் கேட்பார் என்று அப்பப்பா சொல்லுவார். மெல்லிய குரல்காரனுக்கு அரச வேடத்தின் மீது எவ்வளவு ஆசை இருந்தாலும் கிடைக்காது. கொடுத்தால் நள்ளிரவு தாண்டுமுன் தொண்டை கட்டிவிடும், பிற்பாட்டுக்காரர்தான் கரையேற்ற வேண்டும். ஒலிபெருக்கி வந்தபின் அந்தக் கணக்குப் போய்விட்டது. பெட்டி இருக்கின்றதே என்று எந்தப் பிள்ளையையும் எதையும் பாடச் சொல்கின்றார்கள்.

முல்லைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுப் பொறுப்பாளரிடம் பேசினேன். அவருக்கு முழுச் சம்மதமில்லை என்றாலும், இந்தக் கிழமையிலிருந்து மகள் உச்சத்துக்குப் போகாத இரண்டாம் குரலில் பாடுகின்றாள். அவளுக்கு என்மீது கோபம்தான். மிமியின் பாட்டை மட்டும் விடுகின்றாளில்லை; முற்றம் கூட்டும்போதும் வாய்க்குள் முணுமுணுக்கின்றாள். அதையும் தடுக்க வேண்டுமா, ரீச்சர்?

சுருதிப்பெட்டி எழுதியது:

வேண்டாம், ஐயா. ஒட்டுசுட்டான் தம்பியின் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கின்றேன். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், ஆகையால் உச்சத் தனிப்பாடல்களை மட்டும் தள்ளி வையுங்கள். தொண்டை கட்டினால் குசுகுசுவென்று பேசவும் விடாதீர்கள், அதுவும் குரல்நாணுக்கு வேலைதான். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். முற்றத்தில் பாடட்டும், மெட்டு மேலே ஏறும் இடத்தில் அவள் தானாகவே நிறுத்துகின்றாளா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள்.