ஜான் ராபின்சன்: எரிக்க வேண்டிய நோட்டு கடனாகப் போனது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் சட்டமன்றச் சபாநாயகர் ஜான் ராபின்சன் 1766 மே மாதம் இறந்தபோது கஜானாவில் சுமார் 1 லட்சம் பவுண்டு குறைந்தது என்று படித்தேன். பெரிய நிலக்காரர், அவர் சுருட்டினாரா? யாருமே கணக்குப் பார்க்கவில்லையா?

பதில் 1:
சுருட்டல் என்பதைவிட, பொதுப்பணத்தை வேண்டியவர்களுக்குக் கடன் கொடுத்தார் என்பதே சரி. பிரெஞ்சு-இந்தியப் போர் (வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரரோடும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளோடும் பிரிட்டன் நடத்திய போர்) செலவுக்காக 1755 முதல் வர்ஜீனியா காகித நோட்டு அடித்தது. ஒவ்வொரு தவணை நோட்டுக்கும் ஒரு கெடு, அதைத் திரும்ப உறிஞ்சத் தனி வரி. ஷெரிஃப்கள் (வட்டார அதிகாரிகள்) வரியாக வாங்கிய நோட்டைப் பொருளாளரிடம் கட்டுவார்கள். அவர் எரிக்க வேண்டும். எரித்தால்தான் மிச்ச நோட்டுக்கு மதிப்பு நிற்கும். ராபின்சன் எரிக்காமல், கடனில் தத்தளித்த புகையிலைத் தோட்ட முதலாளிகளிடம் நீட்டினார். அதில் பெருந்தொகை வாங்கியவர் மூன்றாம் வில்லியம் பேர்ட் என்ற தோட்ட முதலாளி.

தணிக்கை ஏன் பல்லிளித்தது? 1738 முதல் சபாநாயகரும் அவரே, பொருளாளரும் அவரே. கணக்குப் பார்க்கும் குழுக்களுக்கு ஆள் போடுவதும் சபாநாயகர்தான். இதற்கு மேல் என்ன சொல்ல!

பதில் 2:
அந்தத் தோட்ட முதலாளிகளுக்கு ஏன் அவ்வளவு பணமுடை என்பதையும் பாருங்கள். ஏறக்குறைய 1,000 பவுண்டு எடையுள்ள புகையிலைப் பீப்பாயை லண்டன் வியாபாரிக்கு அனுப்புவார்கள். கப்பல் கூலி, சுங்கம், தரகு எல்லாம் கழித்து மிச்சம்தான் வரவு. விலை தெரியும் முன்பே அதே வியாபாரியிடம் துணிமணி, மேசை நாற்காலிக்கு ஆர்டர் போயிருக்கும். விலை சரிந்த வருஷம் பற்று ஏறும். போர் முடியும் தறுவாயில் லண்டன்காரர்கள் பாக்கியைக் கேட்டு நெருக்கினார்கள்.

1765-ல் லண்டனில் 2,40,000 பவுண்டு திரட்டி, நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் தர ஒரு திட்டம் வந்தது. உறுப்பினர் பேட்ரிக் ஹென்றி எதிர்த்தும் சட்டமன்றத்தில் தேறியது, மேலவை தள்ளிவிட்டது. கஜானா ஓட்டையை அடைக்கப் போட்ட திட்டமே அது என்பது என் கணிப்பு.

கேள்வி கேட்டவர்:
பணம் திரும்பியதா?

பதில் 1:
மெல்ல மெல்ல. ராபின்சன் விட்டுப்போன சொத்தை நிர்வகித்த எட்மண்ட் பெண்டில்டன் பல வருஷம் வசூலுக்கு அலைந்தார். ராபின்சனின் நிலமும், அவர் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களும் விற்கப்பட்டார்கள். கூட்டாளிகள் வாங்கிய கடனுக்கு விலையானவர்கள் அந்த அடிமைகள். இது பல கட்டுரைகளில் ஒரு வரியோடு போய்விடுகிறது. பதவிகளையும் பிரித்தார்கள்: பேட்டன் ராண்டால்ஃப் சபாநாயகர், ராபர்ட் கார்ட்டர் நிக்கலஸ் பொருளாளர்.

பதில் 2:
ஒரு திருத்தம்: அந்த 1 லட்சம் வர்ஜீனியா பவுண்டு, ஸ்டெர்லிங் (பிரிட்டன் பவுண்டு) அல்ல. சம மதிப்புக் கணக்கில் 100 ஸ்டெர்லிங்குக்கு 125 வர்ஜீனியா பவுண்டு. 1760-களின் தொடக்கத்தில் சந்தையில் 160 வரை போனது. அப்படியே ஸ்டெர்லிங்காக எடுத்தால் தொகை ஊதிவிடும்.