புது பிளக்கில் கேப் அளக்க வேண்டுமா, பாக்கெட்டை நம்பலாமா? (மாருதி 800, கொல்லிமலை ஏற்றம்)

சேந்தமங்கலம்_800

வணக்கம். என்னுடையது 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது, இன்றும் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வண்டி. மூன்று வாரம் முன்பு மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினேன். கடையில் "எல்லாம் ஒரே மரைதான், இதைப் போடுங்க" என்று கொடுத்தார்கள். பாக்கெட்டில் என்ஜிகே பிபிஆர்6இஎஸ்-11 என்று இருக்கிறது.

ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) ஒரு குறையும் இல்லை. நாமக்கல் ரோட்டில் 70-ல் போனாலும் அமைதியாகப் போகிறது. ஆனால் கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கினால் போதும், நான்கு பேர் உட்கார்ந்து இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி விக்குகிறது. அங்கே கொண்டை ஊசி வளைவு மட்டும் 70. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, கை நடுங்கிவிட்டது.

மெக்கானிக் காயிலை (பிளக்குக்கு அதிக வோல்ட் தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மைத்துனர் இரிடியம் பிளக் போடு என்கிறார். கேப் (பிளக்கின் நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளி) பார்க்கலாமா என்று கேட்டால் புது பிளக்கைத் தொடவே கூடாது என்கிறார்கள். எதைத்தான் செய்வது?

பீளமேடு_பட்டறை

தம்பி, 26 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். புது பிளக்கைத் தொடாதீர்கள். தொழிற்சாலையில் அளந்துதான் அனுப்புகிறார்கள். வீட்டில் கேப் வைக்கிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பி, நடு முனையைச் சுற்றியிருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டுக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, என்ஜின் சூடான பிறகுதான் மிஸ்ஸிங் (பொறி தவறுவது) வரும். அப்புறம் கார்புரேட்டர், டைமிங் என்று எதையெதையோ கழற்றிப் பார்ப்போம்.

உங்கள் வண்டியில் ஏற்றத்தில் மட்டும் விக்குகிறது என்றால் காயில், அதன் வோல்ட்டைப் பிளக்குக்குக் கொண்டுபோகும் எச்டி வயர் இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அளவுகோல்

அண்ணே, நெம்பக்கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இந்தத் தம்பியின் கேள்விக்கான விடை அவர் கையிலிருக்கும் பாக்கெட்டிலேயே இருக்கிறது. கடைசியில் உள்ள -11 என்றால் 1.1 மி.மீ. கேப். -8 என்றால் 0.8, -9 என்றால் 0.9. கார்புரேட்டர் 800-க்குக் கையேட்டில் சொல்லியிருப்பது 0.7 முதல் 0.8 வரை. மரை ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், சூட்டு எண் (பெயரில் உள்ள 6, பிளக் எவ்வளவு சூட்டை வெளியே கடத்தும் என்பதைக் காட்டுவது) ஒன்றுதான். கேப் மட்டும் வேறு. கடைக்காரர் பார்க்காமல் விட்டது அந்த இரண்டு இலக்கத்தை.

ஏற்றத்தில் மட்டும் ஏன் விக்குகிறது? ஐடிலில் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) ஏறக்குறைய மூடியே இருக்கும், சிலிண்டருக்குள் போகும் காற்று கொஞ்சம்தான். பாரத்தோடு மிதிக்கும்போது நிறையக் கலவை உள்ளே போகிறது. பிஸ்டன் அதை நெரிக்கும்போது அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். ஒரே காயில், அதன் வோல்ட்டைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், மூன்று வயர் என்று இருக்கும் பழைய வண்டியில் அவ்வளவு வோல்ட் மிச்சம் கிடையாது. டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் கேப்பைக் குறைத்து வைப்பதும் இதனால்தான்.

காயிலை மாற்றுமுன் 1.1-ஐச் சரி செய்யுங்கள்.

பீளமேடு_பட்டறை

-11 விஷயம் சரி. நான் எண்ணைக் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 1.1-ஐ 0.75-க்கு மடக்கச் சொல்லாதீர்கள். 0.2 மி.மீ.க்கு மேல் மடக்கினால் வளைந்த முனை நடு முனைக்கு நேராக நிற்காது, ஒரு பக்கம் சரிந்துவிடும். பொறி ஓரத்திலேயே அடித்து ஓரமே தேயும். சரியான பிளக்கை வாங்கி அப்படியே மாட்டுவதுதான் வழி.

இரிடியம்_இளங்கோ

வாங்குவதுதான் என்றால் ஏன் சாதா நிக்கல் பிளக்? சாதா பிளக்கின் நடு முனை 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் 0.6, சிலவற்றில் 0.4. ஊசி மாதிரி முனை என்பதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டும். காயில் பலவீனமான பழைய வண்டிக்கு இது உதவியா இல்லையா? உருகுநிலை நிக்கலுக்கு 1455 டிகிரி, இரிடியத்துக்கு 2446. லேசில் தேயவே தேயாது. நானே என் வண்டியில் மாற்றிய பிறகு காலையில் ஒரே சுழற்றில் ஸ்டார்ட் ஆகிறது.

அளவுகோல்

இளங்கோ, குறைந்த வோல்ட் போதும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இரிடியத்திலும் -11 உண்டு. அதே 1.1-ஐ அதிக விலைக்கு வாங்கி மாட்டினால் பாதிக் குறைதான் தீரும். இன்னொன்று, விலை குறைந்த இரிடியம் பலவற்றில் நடு முனை மட்டும்தான் இரிடியம், வளைந்த முனை சாதா நிக்கல். அது தேய்ந்தால் கேப் விரியும். கார்புரேட்டர் கொஞ்சம் பெட்ரோல் அதிகமாக விட்டால் கரி படிவது இரிடியத்துக்கும் உண்டு. அந்தக் கரியை எமரி பேப்பர் வைத்துத் தேய்த்தால் அந்த மெல்லிய முனை போய்விடும். கழற்றிக் கழுவி மாட்டும் பழக்கமுள்ள வண்டிக்கு நிக்கல்தான் தோது.

கரூர்_டெம்போ

எங்கள் பக்கம் கேப் அளக்கும் கேஜே கிடையாது அண்ணே. ஆக்ஸா பிளேடை வைத்துப் பார்ப்போம், உரசிக்கொண்டு போனால் சரி. இருபது வருடம் ஓடிவிட்டது.

அப்புறம் கரி பிடிக்கிறது என்றால் ஒரு எண் குறைத்துச் சூடான பிளக் போடலாமே, 6-க்குப் பதில் 5.

அளவுகோல்

பிளேடின் முதுகுப் பக்கம் ஏறக்குறைய 0.65 இருக்கும். அதனால்தான் உங்கள் கணக்கு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. பல் பக்கம் வைத்தால் பற்கள் இரு பக்கமும் விரிந்திருப்பதால் அளவு மாறும். பழைய பிளக்கில் இன்னொரு சிக்கல், முனை தேய்ந்து குழிந்திருக்கும், தட்டையான எதை வைத்தாலும் மேட்டில் முட்டி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கம்பி கேஜ் அந்தக் குழியிலும் உட்காரும்.

சூட்டு எண்ணில் ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள். என்ஜிகேயில் எண் குறைந்தால் சூடான பிளக், பாஷில் எண் கூடினால்தான் சூடான பிளக். இரண்டும் நேர் எதிர். மலை ஏறும் வண்டிக்குத் தேவைக்கு மேல் சூடான பிளக் போட்டால், பொறி வருமுன்பே முனையின் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும். அதில் பிஸ்டனே ஓட்டையாகும். கரிக்குக் காரணம் கார்புரேட்டர் என்றால் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

சேந்தமங்கலம் தம்பி, மூன்றையும் கழற்றி நிறத்தையும் கேப்பையும் எழுதுங்கள். என்ஜின் ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள்.

சேந்தமங்கலம்_800

இன்று காலை கழற்றினேன். நாமக்கல்லில் ஃபில்லர் கேஜ் வாங்கி வந்தேன்.

முதல் சிலிண்டர்: 1.1. கறுப்பு, பஞ்சு மாதிரி கரி, விரலில் ஒட்டுகிறது.
இரண்டாவது: 1.1. அதே கறுப்பு, பெட்ரோல் வாசனை.
மூன்றாவது: 0.85. நல்ல பழுப்பு, பிஸ்கட் நிறம்.

மூன்றாவது ஏன் வேறு என்று யோசித்தபோதுதான் நினைவு வந்தது. மாட்டும்போது அந்த பிளக் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று துடைத்து மாட்டிவிட்டேன். விழுந்ததில் முனை மடங்கியிருக்கிறது. மூன்றில் அது ஒன்றுதான் ஒழுங்காக எரிந்திருக்கிறது!

அளவுகோல்

இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது தம்பி. ஒரே காயில், ஒரே கார்புரேட்டர், ஒரே மலை. மாறியிருந்தது கேப் மட்டும். பீளமேடு அண்ணே, புது பிளக்கை அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கடை அலமாரியிலிருந்து விழுந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? அளப்பது வேறு, நெம்புவது வேறு.

பீளமேடு_பட்டறை

அளங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விழுந்த பிளக்கைத் திரும்ப மாட்டாதீர்கள், எவ்வளவு அழகாக எரிந்திருந்தாலும் சரி. உள்ளே பீங்கான் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அந்த மூன்றையும் ஓரம் வையுங்கள். பின்னால் -11 இல்லாத பிபிஆர்6இஎஸ் வாங்குங்கள்.

மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் முட்டிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவுதான். ஹெட் அலுமினியம். போன மாதம்கூட ஒரு வண்டி வந்தது, பலத்தைக் காட்டி முறுக்கி ஹெட்டின் மரை பிளக்கோடு சுருள் சுருளாக வெளியே வந்திருந்தது. பிளக் மரையில் கிரீஸும் தடவ வேண்டாம், வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும்.

இரிடியம்_இளங்கோ

நான் இன்னும் இரிடியம் பக்கம்தான். 0.8 கேப்பில் கிடைத்தால் அதைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சேந்தமங்கலம்_800

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். -11 இல்லாத மூன்று பிளக், அளந்தபோது இரண்டு 0.8, ஒன்று 0.85. அந்த ஒன்றை மட்டும் வளைந்த முனையின் வெளிப்பக்கம் மரக்கட்டையில் மெல்லத் தட்டி 0.8-க்குக் கொண்டுவந்தேன். உள்ளே எதையும் விடவில்லை, பீளமேடு அண்ணே.

அதே நான்கு பேர், இரண்டாவது கியர். செம்மேடு வரை ஒரு முறைகூட விக்கவில்லை. இறங்கி வரும்போது டிக்கியில் இரண்டு தார் மலைவாழைப்பழம். காயிலை மாற்றவில்லை.

பீளமேடு_பட்டறை

சந்தோஷம் தம்பி. ஒருநாள் ராத்திரி, விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து ஐடிலில் ஓடவிட்டு எச்டி வயரைப் பாருங்கள். எங்காவது நீலமாக மினுக்கினால் கை வைக்காமல் என்ஜினை நிறுத்தி, அந்த வயரை மாற்றுங்கள்.