தாம்பரம் வீட்டுக் குழு: விஜயதசமியன்று எனக்கு சிங்கப்பூர்

25ஆம் தேதி

வித்யா (மாலை 6:12): அடுத்த மாதம் எந்த ஃப்ளைட்டில் எனக்கு கேபின் க்ரூ டியூட்டி என்ற ரோஸ்டர் வந்துவிட்டது. செந்தில், பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு. விஜயதசமிக்கு முதல் நாள் இரவு சிங்கப்பூர் கிளம்புகிறேன். மறுநாள் அங்கேயே தங்கி ஓய்வு (லேஓவர்). அதற்கடுத்த நாள் காலைதான் சென்னை.

அத்தை (6:15): அன்றைக்குத்தானே கவினுக்கு அட்சராப்பியாசம்! லீவு கேட்டுப் பாரேன் வித்யா.

வித்யா (6:21): கேட்டேன் அத்தை. பண்டிகை என்றால் எல்லோரும் கேட்கிறார்கள், கிடைக்கவில்லை. என்னோடு டிரெயினிங் எடுத்த ஒருத்தி மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஆனால் நான் கிளம்பும் நாள் காலைதான் அவள் தோஹாவிலிருந்து வந்து இறங்குகிறாள். இடையில் ஓய்வு நேரம் போதாது என்று ஸ்வாப்பை மறுத்துவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மறுத்தது சரிதான். பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரையும் இறக்க முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கே சான்று கிடைக்கிறது. தூக்கமில்லாதவளை அந்தக் கதவருகே நிற்க வைக்கக் கூடாது.

சின்ன அத்தை (6:30): நல்ல நாளில்கூட வீட்டில் இருக்க முடியவில்லை என்றால் எப்படிம்மா? பையன் வளரும்வரை கிரவுண்டில் வேலை கேட்கலாமே.

வித்யா (6:38): கவின் வயிற்றில் இருந்தபோது கிரவுண்டில்தான் இருந்தேன், சின்ன அத்தை. அப்புறம் 26 வாரம் பிரசவ விடுப்பு. திரும்பப் பறக்கவேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரிய மாமா (6:52): ஒன்று சொல்கிறேன். முன்பு ஏர் இந்தியாவில் ஏர் ஹோஸ்டஸ் முதல் முறை கர்ப்பமானாலே வேலை போய்விடும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை அப்போதும் விட்டுவைத்தது. பிள்ளை பெற்ற பிறகும் வேலையில் இருப்பதற்கு அந்தப் பெண்கள் கோர்ட் வரை போனார்கள். இவளை விடச் சொல்லாதே.

சின்ன அத்தை (6:55): விடச் சொல்லவில்லை அண்ணா. குழந்தை தேடுமே என்றுதான்.

வித்யா (7:01): தேடுகிறான், சின்ன அத்தை. போன வாரம் காலையில் வந்து படுத்தேன். கதவை லேசாகத் திறந்து, "இன்னைக்கு நீ தூங்குற அம்மாவா, விளையாடுற அம்மாவா?" என்று கேட்டான். அன்று முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செந்தில் (7:10): அதற்காக நீ தூக்கத்தை விடாதே. இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிறாய். பகலில் தூங்குவதை லீவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இனி ரோஸ்டரில் தூங்கும் நாளுக்கு நீலம், விளையாடும் நாளுக்குப் பச்சை. அவனையே வண்ணம் அடிக்கச் சொல்கிறேன்.

அத்தை (7:26): சரி, நான் யோசித்தேன். விஜயதசமிக்கு ராகு காலம் எமகண்டம் பார்க்க வேண்டாம் என்பார்கள். விஜய முகூர்த்தமே பிற்பகல்தான். காலை 9 மணிக்குப் பதில் 2 மணிக்கு வைப்போம். அங்கே மணி என்ன?

வித்யா (7:27): நாலரை. நன்றாகத் தூங்கி எழுந்திருப்பேன் அத்தை.

அத்தை (7:33): அப்போ வீடியோவில் வா. தாத்தா கைபிடித்து 'அ' மட்டும் எழுத வைப்பார். அரிசித் தட்டை அப்படியே மூடி பூஜை அறையில் வைக்கிறேன். 'ஆ' நீ வந்து எழுத வை.

வித்யா (7:34): அத்தை...

விஜயதசமிக்கு மறுநாள்

வித்யா (காலை 5:48): லேண்ட் ஆகிவிட்டது. வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும்.

செந்தில் (5:50): இன்றைக்கு நீலம். நீ வந்ததும் அவனை வெளியே கூட்டிப் போகிறேன். தூங்கி எழுந்து எழுதலாம்.

அத்தை (6:20): இவன் எழுந்துவிட்டான். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறான்.

வித்யா (6:21): எழுதிவிட்டே தூங்குகிறேன் அத்தை. கேப் பல்லாவரம் தாண்டிவிட்டது.