கப்ராலா, தங்கக் கூண்டா?

கிட்டார்க்கிறுக்கன்:
ஸ்பானிஷ் பாட்டில் 'நான் எந்த ஊர்க்காரன்' என்ற கேள்விக்கு அர்ஜென்டினா பாடகர் ஃபக்குண்டோ கப்ராலை மிஞ்சி யாரும் பதில் எழுதவில்லை என்பது என் கட்சி. 1970-இல் வந்த பாட்டு. இந்த ஊரும் இல்லை அந்த ஊரும் இல்லை, வயதும் இல்லை வருங்காலமும் இல்லை, சந்தோஷமாக இருப்பதுதான் என் அடையாளத்தின் நிறம் என்கிறார். கொடியும் வேண்டாம், கோஷமும் வேண்டாம். ஒரு கிட்டாரோடு கதை முடிந்தது.

பழையகேசட்:
அழகான வரிதான். ஆனால் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்திருப்பவன் பாடுகிற பாட்டு அது. எண்பதுகளின் முற்பகுதியில் லோஸ் திக்ரெஸ் தெல் நோர்தே என்ற மெக்சிகோ இசைக்குழு பாடிய 'லா ஹவ்லா தே ஓரோ', அதாவது தங்கக் கூண்டு, கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவுக்கு வந்து பத்து வருடம் ஆச்சு, சட்டப்படி தங்க இன்னும் காகிதம் இல்லை. எல்லை ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாக வந்தவனை 'மொஹாதோ', நனைந்தவன், என்பார்கள். அந்த வார்த்தையைத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். வேலை விட்டால் வீடு, பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்று தெருவில் கால் வைக்கவே பயம். அவனிடம் போய் 'நான் எந்த ஊரும் இல்லை'ன்னு சந்தோஷமாகப் பாடச் சொல்வீர்களா?

கிட்டார்க்கிறுக்கன்:
கப்ரால் சொகுசுக்காரர் என்கிற மாதிரி பேசாதீர்கள். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். 1976-இல் நாட்டை விட்டு மெக்சிகோவுக்குப் போக வேண்டிவந்தது, 2011-இல் குவாத்தமாலா நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். ஊர் இல்லாத வலி தெரிந்தவர்தான். உங்கள் ஆள் புலம்புகிறான், இவர் புலம்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழையகேசட்:
புலம்பலா? அதே குழு 2001-இல் 'சோமோஸ் மாஸ் அமெரிக்கானோஸ்', அதாவது நாங்கள்தான் கூடுதல் அமெரிக்கர்கள், என்று ஒன்று பாடியது: நான் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் என்னைத் தாண்டியது. 1848 ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா எல்லாம் மெக்சிகோவின் கையை விட்டு அமெரிக்காவுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். இது புலம்பல் இல்லை, பட்டா கேட்கிற குரல்.

நடுவரிசை:
பட்டா என்றால் மெக்சிகோவுக்கு முன்னால் அங்கே இருந்த பூர்வகுடிகள் கேட்க மாட்டார்களா? பாட்டுக்காரர்களுக்கும் அந்த இடறல் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் 'நான் பூர்வகுடி ரத்தம், லத்தீனோ, மெஸ்திசோ (கலப்பினத்தவன்)' என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் சாமர்த்தியம்தான்.

அதை விடுங்கள், தங்கக் கூண்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. நடுவில் பாட்டு பேச்சாகிறது. மகனே, மெக்சிகோவுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று அப்பா ஸ்பானிஷில் கேட்கிறார். பையன் ஆங்கிலத்தில், 'நோ வே, டாட்'.

கிட்டார்க்கிறுக்கன்:
அதைத்தானே சொல்கிறேன்! பையனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவன், அந்த நாட்டுக்காரன். ஏக்கமெல்லாம் அப்பாவோடு சரி.

நடுவரிசை:
அங்கே பிறந்தவன் என்று யார் சொன்னது? பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கூட்டி வந்தேன் என்று அப்பாவே பாடுகிறார். அப்படியென்றால் பையனுக்கும் பெரும்பாலும் காகிதம் இல்லை. மெக்சிகோவை மறந்துவிட்டான், ஸ்பானிஷை மறந்துவிட்டான், ஆனாலும் பிடித்தால் அங்கேதான் அனுப்புவார்கள்.

பழையகேசட்:
இத்தனை வருடம் கேட்டும் இது எனக்குப் படவில்லை. 1982-க்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்களுக்கு அமெரிக்காவின் 1986 சட்டத்தில் வழி பிறந்தது, சுமார் 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைத்தது, இந்தக் குடும்பமும் அதில் தப்பித்திருக்கலாம். பின்னால் வந்த பிள்ளைகளுக்கு 2012 வரை அதுவும் இல்லை, அப்போது கிடைத்ததும் தற்காலிகமாகத்தான்.

கிட்டார்க்கிறுக்கன்:
சரி, பையன் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். கப்ராலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நடுவரிசை:
யார் கேட்டது? அந்தப் பையன் வளர்ந்து பாட்டு எழுதினால் எந்த மொழியில் எழுதுவான், அதைச் சொல்லுங்கள் முதலில்.